போகி சாயங்காலம், பாதி பாக்கெட் கிஸ்மிஸ்

ஏ பிளாக் குடும்பங்கள் – வாட்ஸ்அப் குழு

போகி

மாலை 6:32
வித்யா 3சி: யாராவது இருக்கீங்களா? எங்க நாய் பப்பு கிஸ்மிஸ் பாக்கெட்டைக் கடிச்சுப் பாதி தின்னுடுச்சு. சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கி டேபிள்ல வெச்சது. இப்ப நல்லா ஆடிட்டுத்தான் இருக்கு. ஏதாவது பண்ணணுமா?

6:33
கீதா மாமி 1ஏ: திராட்சைதானேம்மா, பழம்தானே. கொஞ்சம் மோர் குடு, சரியாயிடும்.

6:33
டாக்டர் சார் 2பி: மோர் வேண்டாம் மாமி. வாயில எதுவுமே ஊத்தாதீங்க. வித்யா, மூணு விஷயம் உடனே சொல்லுங்க. எப்போ தின்னுச்சு, எவ்வளவு தின்னுச்சு, பப்பு எத்தனை கிலோ?

6:35
வித்யா 3சி: 5:45க்குப் பாக்கெட் முழுசா இருந்துச்சு சார். 6:30க்குத்தான் பார்த்தேன். 100 கிராம் பாக்கெட். எடை தெரியலையே.

6:35
டாக்டர் சார் 2பி: எடை மெஷின்ல நாயைத் தூக்கிட்டு ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சா வர்றது பப்பு. மிச்சக் கிஸ்மிஸைச் சமையல் தராசுல போடுங்க. சோபாவுக்கு அடியில சிதறினதையும் பொறுக்கிச் சேர்த்துக்கோங்க.

6:40
வித்யா 3சி: பப்பு 7 கிலோ. மிச்சம் 36 கிராம். பாக்கெட் கவர்ல ஒரு மூலையைக் காணோம்.

6:41
டாக்டர் சார் 2பி: அப்போ 64 கிராம் உள்ளே போயிருக்கு, கிலோவுக்கு 9 கிராம். உலர் திராட்சை தின்னு கிட்னி கெட்டதாப் பதிவான கேஸ்கள்ல குறைஞ்ச அளவே கிலோவுக்கு 3 கிராம் பக்கம்தான். கிளம்புங்க. ஆடிட்டு இருக்குன்னு பார்த்துட்டு உட்காராதீங்க.

6:41
செந்தில் 4டி: உப்புத் தண்ணி குடுத்து இங்கயே வாந்தி எடுக்க வெச்சிடலாமே சார்?

6:42
டாக்டர் சார் 2பி: கூடவே கூடாது தம்பி. வாந்தி வரலேன்னா அவ்வளவு உப்பும் ரத்தத்துல ஏறிடும். அப்புறம் வலிப்புக்கு வைத்தியம் பார்க்கணும்.

6:43
குமார் (மெடிக்கல்) 5ஏ: வாந்தி எடுக்க வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கேட்டும் யாரும் என்கிட்ட வராதீங்க. நெட்ல போட்டிருக்கிறது 3 சதவீதக் கணக்கு. நம்ம கடைகள்ல பொதுவா வர்றது 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். அந்த அளவையே இதுல ஊத்தினா இரைப்பை புண்ணாகி ரத்த வாந்தி வரும்.

6:44
டாக்டர் சார் 2பி: சரியாச் சொன்னீங்க. வித்யா, கிளினிக்குக்கு முதல்ல போன். கேட்க வேண்டியது ரெண்டு: வாந்திக்கான ஊசி கையில இருக்கா, கிரியேட்டினின் (கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறுற கழிவு) பார்க்கிற மெஷின் அங்கேயே இருக்கா. பொங்கலுக்கு வெளி லேப் எல்லாம் பூட்டிடுவான். மூணு நாளைக்கு ரத்தம் பார்க்கணும், அதனால இது முக்கியம்.

6:45
டாக்டர் சார் 2பி: கிழிஞ்ச பாக்கெட், மிச்சக் கிஸ்மிஸ், பழைய துண்டு ரெண்டு எடுத்துக்கோங்க. வழியில வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, எடுத்ததைக் கவர்ல கட்டிக் கொண்டுபோங்க.

6:47
செந்தில் 4டி: அக்கா, கார் கீழ நிக்குது, வாங்க.

7:36
வித்யா 3சி: ஊசி போட்டு ஏழெட்டு நிமிஷத்துல வாந்தி வந்துச்சு. 📷 கிஸ்மிஸ் எல்லாம் குண்டு குண்டா ஊறி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருண்டையா இருக்கு. கவர் மூலையும் வந்துடுச்சு. தராசுல போட்டுப் பார்க்கவா சார்?

7:38
டாக்டர் சார் 2பி: எடை போட்டா ஏமாந்துடுவீங்க, தண்ணி குடிச்சு ஊறியிருக்கு. எண்ணுங்க. காய்ஞ்சது ஒண்ணு சுமார் அரை கிராம்னா 64 கிராமுக்கு 125, 130 வரணும்.

7:49
வித்யா 3சி: 92.

7:51
டாக்டர் சார் 2பி: நல்லா வந்திருக்கு. ஊறிக் கட்டியா வயித்துலயே கிடக்கும், அதான் மணிக்கணக்கு ஆனாலும் வாந்தி எடுக்க வைக்கிறதுல பலன் உண்டு. ஆனா பாக்கி முப்பது நாப்பதே 7 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு ரெண்டு மூணு கிராம் ஆகுது. டிரிப் கட்டாயம், பொதுவா 48 மணி நேரம். இன்னைக்கு ரத்தம் நார்மலாத்தான் வரும். அதைப் பார்த்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. கிட்னியில முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் ஏறும். நாளைக்கு, மாட்டுப்பொங்கலுக்கு, காணும் பொங்கலுக்குன்னு மூணு சாயங்காலமும் பார்த்தாகணும்.

7:53
டாக்டர் சார் 2பி: மூத்திரத்தையும் கவனிக்கச் சொல்லுங்க. சாதாரணமா மணிக்குக் கிலோவுக்கு 1-2 மில்லி. டிரிப் ஓடும்போது அதைவிடக் கூடத்தான் வரணும். டிரிப் இறங்கிட்டே இருந்து மூத்திரம் குறைஞ்சா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.

8:20
கீதா மாமி 1ஏ: பகவானே. நான் மோர் குடுன்னு சொல்லிட்டேனே. திராட்சையில அப்படி என்னதான் விஷம் இருக்கு?

8:26
டாக்டர் சார் 2பி: ரொம்ப வருஷம் யாருக்கும் பிடிபடல மாமி. வீட்டுல பண்ணின விளையாட்டு மாவைத் தின்ன நாய்க்கு, திராட்சை தின்னா வர்ற மாதிரியே கிட்னி கெட்டுச்சு. அந்த மாவுல கிரீம் ஆஃப் டார்டார்னு பேக்கிங்ல போடுற புளிப்புப் பொடி இருந்துச்சு, அது டார்டாரிக் அமிலத்தோட உப்பு. அதை வெச்சு 2021ல அமெரிக்காவில ஏஎஸ்பிசிஏங்கிற பிராணி நலச் சங்கத்தோட விஷக் கட்டுப்பாட்டு மையத்து டாக்டர்கள் டார்டாரிக் அமிலத்தைக் காரணமாக் காட்டினாங்க. நாம சாப்பிடுற அளவுல நமக்கு அது ஒண்ணும் செய்யாது. நாய்க்குச் சிறுநீரகக் குழாய்ல தேங்கிடுதுன்னு நினைக்கிறாங்க. திராட்சை ரகம், பழுத்த பக்குவம் பொறுத்து அமிலம் கூடும் குறையும். அதான் ஒரு நாய் தின்னுட்டுச் சும்மா இருக்கு, இன்னொண்ணு படுத்துடுது.

8:29
குமார் (மெடிக்கல்) 5ஏ: டார்டாரிக்னா புளியில இருக்கிறதே அதுதானே சார்?

8:31
டாக்டர் சார் 2பி: அதேதான், அதுவும் திராட்சையைவிடப் பல மடங்கு. புளி தின்ன நாய்களுக்கும் இதே மாதிரி கிட்னி பாதிப்பு வந்தது 2022ல ஆய்வுக் கட்டுரையாவே வந்திருக்கு. நம்ம வீட்டுல கிஸ்மிஸ் வருஷத்துல நாலு நாள். புளி தினம் மேடையில இருக்கு.

8:33
செந்தில் 4டி: ஊர்ல நாய்ங்க ரசம் சோறுதானே சார் தின்னுது?

8:37
டாக்டர் சார் 2பி: நெல்லிக்காய் அளவு புளியை ஒரு சட்டித் தண்ணியில கரைச்சு, அதுல ஒரு கரண்டி சோத்துல விழறது வேற. ஊற வெச்ச புளியை உருண்டையோட முழுங்குறது வேற. முதலாவதுக்கு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்ல மாட்டேன், ஆனா பழக்கமாப் போடவும் சொல்ல மாட்டேன். புளி உருண்டை, புளிக்காய்ச்சல், கரைச்சுப் பிழிஞ்சு குப்பையில போட்ட சக்கை, இதுல எது வயித்துக்குள்ள போனாலும் இன்னைக்குப் பப்புவுக்குப் பண்ணின அதே வேலைதான்.

8:40
கீதா மாமி 1ஏ: சாம்பார்?

8:44
டாக்டர் சார் 2பி: அதுல புளியோட வெங்காயமும் சேருது. கிலோவுக்கு 15லேர்ந்து 30 கிராம் வெங்காயம் போனா நாய்க்குச் சிவப்பணு உடைய ஆரம்பிக்கும். பப்பு சைஸுக்கு 100 கிராம் சொச்சம், பத்துப் பன்னண்டு சின்ன வெங்காயம். வேக வெச்சாலும் விஷம் போகாது. பூண்டு அதைவிடக் கடுமை. அன்னைக்கே தெரியாது. மூணு நாலு நாள் கழிச்சு ஈறு வெளுக்கும், மூத்திரம் காப்பி நிறத்துல போகும். வெறும் சோறு, உப்பில்லாம வேக வெச்ச கோழி, போதும்.

8:46
குமார் (மெடிக்கல்) 5ஏ: சுகர் ஃப்ரீ சூயிங்கமும் சொல்லிடுங்க சார்.

8:47
டாக்டர் சார் 2பி: ஆமா. டப்பாவுல சைலிட்டால்னு (சர்க்கரைக்குப் பதிலாப் போடுற இனிப்பு) போட்டிருந்தா கணக்குப் போட்டுட்டு நிக்காதீங்க. அரை மணி நேரத்துல ரத்தத்துல சர்க்கரை இறங்கி நாய் தள்ளாடும். கிலோவுக்கு 0.1 கிராமே போதும்.

பொங்கல்

மாலை 7:10
வித்யா 3சி: கிரியேட்டினின் நேத்து 0.9, இன்னைக்கு 1.0. மூத்திரம் நல்லாப் போகுது. ராத்திரி ஒருதடவை வாந்தி, அதுல நாலு கிஸ்மிஸ்.

7:14
டாக்டர் சார் 2பி: நல்லது. டிரிப்பைக் கழட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. கால் வலிக்குதுன்னு யாராவது வலி மாத்திரை குடுத்தா வாங்காதீங்க, அது கிட்னிக்குத்தான் அடிக்கும்.

காணும் பொங்கல்

மாலை 7:32
வித்யா 3சி: இன்னைக்கும் 1.0. பாஸ்பரஸும் நார்மல். கூட்டிட்டுப் போகலாம்னுட்டாங்க. அடுத்த வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்கணுமாம்.

7:33
கீதா மாமி 1ஏ: அப்பாடா. சர்க்கரைப் பொங்கல் எடுத்து வெச்சிருக்கேன் வித்யா. உனக்குத்தான், அதுக்கு இல்ல.

7:35
செந்தில் 4டி: நாளைக்காவது குப்பை வண்டி வருமா? லிஃப்ட் பக்கத்துல மூணு நாள் இலையும் புளிச்சக்கையுமாக் கிடக்கு, பப்பு அந்த வழியாத்தான் வரும்.

7:36
குமார் (மெடிக்கல்) 5ஏ: நான் கீழதான் இருக்கேன். கட்டி மேல தூக்கி வெச்சிடறேன்.