புதுப்பிப்பு: வகுப்பறைக்கு புரொஜெக்டர் வாங்கியாகிவிட்டது

பழைய மாணவர்கள் தந்த 45,000 ரூபாயில் எங்கள் பத்தாம் வகுப்பு அறைக்கு எந்த புரொஜெக்டர் வாங்கலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி.

கடையில் முதலில் காட்டிய சிறிய எல்இடி கருவியின் பெட்டியில் 9,000 லூமென்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 'ஆன்சி லூமென்ஸ் (தர நிர்ணய முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்கள்' என உங்களில் ஒருவர் எச்சரித்திருந்தார். கேட்டேன், பதில் வரவில்லை. கடை விளக்குகளை அணைக்காமல் போட்டுக் காட்டச் சொன்னேன். எழுத்துகள் சுவரோடு சுவராக வெளிறிப்போயின. அதிலிருந்த '1080பி' (1920-க்கு 1080 புள்ளிகள்) என்பதும் கருவி ஏற்றுக்கொள்ளும் தரம்தான், திரையில் காட்டும் தரம் அன்று. இப்படி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

எடுத்தது 3,600 லூமென்ஸ், 3எல்சிடி வகை (சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி எல்சிடி தகடு), 1024-க்கு 768 புள்ளிகள். பாடநூல் பக்கங்களுக்கு அது போதும். இதயத்தின் படத்தில் சிவப்பும் நீலமும் பகல் வெளிச்சத்திலேயே பிரிந்து தெரிகின்றன.

மாட்டும்போதுதான் சிக்கல். 2 மீட்டர் அகலப் படத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர் தூரம் வேண்டும். அங்கே வைத்தால் மின்விசிறியின் இறக்கைகள் படத்தின் குறுக்கே நிழலாக ஓடின. விசிறிக்கு முன்னால் நகர்த்தினோம். படம் ஒன்றரை மீட்டராகச் சுருங்கியது. கடைசி பெஞ்சில் நானே உட்கார்ந்து பார்த்து, எழுத்தளவைக் கூட்டிவிட்டேன்.

சாக்பீஸ் தூள் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், வெள்ளிதோறும் அதைத் துடைக்க இரண்டு மாணவிகள் முன்வந்திருக்கிறார்கள். ஜன்னல் திரைச்சீலை மட்டும் இன்னும் பாக்கி.