ஆலங்கட்டி மழைல அடி வாங்குன பழைய கார், தகட்டுல விழுந்த டென்ட்ட (குழிய) நீங்களே எடுத்துப் பாத்தவங்க இருக்கீங்களா?

ஓசூர்க்காரன்:
சித்திரை மழைல அப்பாவோட 2004 மாருதி ஜென் கார் மேல ஆலங்கட்டி கொட்டிருச்சு, பானெட்டும் டாப்பும் அம்மை போட்ட மாதிரி குழி குழியா ஆயிருச்சு. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்தான், க்ளெய்முக்கு வழியில்ல. டிங்கரிங் செலவு வேணாமேன்னு குழி மேல குளூ, அதாவது பசை, வச்சு ஒரு குமிழ ஒட்டி வெளிய இழுக்கிற குளூ புல்லர் கிட் வாங்கினேன். மூணு டென்ட் அழகா வந்துச்சு. நாலாவத இழுத்தப்ப படக்குன்னு ஒரு சத்தம், குமிழோட சேந்து ரெண்டு ரூபா காசு அளவுக்கு பெயின்ட் பேந்து வந்துருச்சு, உள்ள சாம்பல் கலர்ல பட்டி, குழிய நிரப்பி மேல பெயின்ட் அடிப்பாங்களே அது. அப்பா திண்ணைல இருந்து எறங்கி வந்து அந்த எடத்த கட்டை விரலால தடவிப் பாத்தார், ஒண்ணுமே சொல்லல, துணி எடுத்துட்டு வந்து பட்டித் தூள மட்டும் தொடச்சுட்டு உள்ள போயிட்டார். திட்டியிருந்தா கூடப் பரவால்ல. ரெண்டு வாரமா அதுதான் ஓடிட்டே இருக்கு.

டல்லாஸ் பக்கம்:
எங்களுக்கு 2016 ஏப்ரல் 11. அன்னிக்கு வைலி ஊர்ல கிரிக்கெட் பந்த விடப் பெருசா விழுந்து வீட்டுக் கூரையெல்லாம் ஓட்டையாச்சு, நாங்க தள்ளி இருந்ததால கோலிகுண்டு சைஸ்தான். பழைய கேம்ரி கார். ஹேர் டிரையர்ல சூடு காட்டி உடனே டிரை ஐஸ் வச்சா குழி தானா வெளிய வந்துரும்னு வீடியோ பாத்துட்டு, தடி கிளவுஸ் போட்டுக்கிட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் நானும் வீட்டுக்காரியும் செஞ்சோம். டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி, சின்னப் புள்ளைங்கள கிட்ட விடாதீங்க. ஒண்ணு போயிருச்சுன்னு சந்தோசமா படுத்தோம். காலைல சாஞ்ச வெயில்ல பாத்தா அதே எடத்துல அதே குழி. சூட்டுக்கும் குளிருக்கும் தகடு கொஞ்சம் அசையும், மடிஞ்ச தகடு அதுக்கெல்லாம் நிமிராது.

எஸ்டீம் 99:
ஓசூர்க்காரன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, இது கிட்டோட தப்பு இல்ல. கம்பெனி பெயின்ட் சரியா பிடிச்சிருந்தா சாதாரணமா அந்த இழுவைக்கு வராது. ரீ-பெயின்ட் பண்ணி பட்டி போட்ட எடத்துல குளூ வைக்கவே கூடாது. முதல்ல ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த மெல்லிசு துணில சுத்தி பானெட் பூரா வச்சு வச்சுப் பாக்கணும், எங்க வழுக்குதோ அங்க பட்டி கனமா இருக்கு. அப்புறம் ஸ்பிரிட் போட்டு மெழுகு போகத் தொடச்சுட்டுதான் குளூ, எடுக்கும்போதும் ஓரத்துல ஸ்பிரிட் விட்டு ஊற வச்சு எடுக்கணும், பிச்சு எடுக்கக் கூடாது. குழி கூர்மையா இருந்தாலோ பாடி லைன் (தகட்டுல மடிச்ச கோடு) மேல இருந்தாலோ தொடாதீங்க. பெயின்ட் போன எடத்துல உடனே ப்ரைமர் வைங்க, இந்த மழைக்கு துரு ஏறிரும். நான் என் எஸ்டீம்ல ரெண்டு எடுத்தேன், ரெண்டும் நல்லா வந்துச்சு.

பெங்களூர் பனசங்கரி:
அண்ணே, காந்தம் சரிதான், ஆனா அவர் அத கேக்கல. அப்பா பேசாமப் போனத சொல்றார். எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. பானெட்ட தூக்கி அடில இருந்து கம்பி விட்டு நெம்பினேன், மேல பெயின்ட்ல தெரியுற டியூப்லைட் பிம்பம் கோடு மாதிரி இருக்கும், டென்ட்டுக்கிட்ட வந்ததும் வளையும், அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமா நிமிர்றத பாத்துட்டே தள்ளணும். நிமிந்துருச்சு, அங்கயே விட்டிருக்கணும், இன்னொரு தடவ தள்ளிட்டேன். பரு மாதிரி மேல தள்ளிக்கிச்சு. அது மாமனார் குடுத்த வண்டி. இன்னிக்கும் வெயில்ல நிறுத்தினா கண்ணு நேரா அங்கதான் போகுது.

ஓசூர்க்காரன்:
அண்ணே, காந்தம் வச்சுப் பாத்தேன். பானெட் இடது பக்கம் பாதிக்கு மேல வழுக்குது. அப்பாகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, நான் காலேஜ்ல இருந்தப்ப ராயக்கோட்டை ரோட்டுல எருமை குறுக்க வந்து மோதிருச்சாம், அம்மா பயப்படுவாங்கன்னு சொல்லாமலே பெயின்ட் அடிச்சு வச்சிருக்கார். டாப்புல காந்தம் நல்லாப் பிடிக்குது. ஞாயித்துக்கிழமை ஸ்பிரிட் வாங்கிட்டு வா, நான் லைட்டு பிடிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.