10க்கு 12 அடி அறைக்கு எல்லாம் சேர்ந்த மர மெஷின் சரிவருமா?

கொட்டகலைப் பட்டறை கேட்டது:

வணக்கம். வீட்டோடு ஒட்டி 10க்கு 12 அடி அறை ஒன்று இருக்கிறது. சீமெந்துத் தரை, 3 அடி அகலக் கதவு, சிங்கிள் பேஸ் 30 ஆம்ப் கரண்ட். கட்டில், மேசை, ஜன்னல் சட்டம், குசினி கபட் அளவில்தான் வேலை. மரம் பெரும்பாலும் டர்பன்டைன் (இங்கே யூக்கலிப்டஸுக்குச் சொல்லும் பெயர்), சவுக்கு, கிடைத்தால் மஹோகனி. பிளேனர் (பலகையின் முகத்தையும் விளிம்பையும் நேராகச் சீவுவது), திக்னசர் (பலகையை ஒரே தடிப்புக்கு இழைப்பது), மேசை வாள், துளை போடும் மேசை எல்லாம் ஒரே உடம்பில் வரும் மெஷின் வாங்கலாமா, தனித்தனியாக எடுக்கலாமா? இடம் மிச்சம் என்கிறார்கள். வேலைக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி.

சீவுளி, பண்டாரவளை:

தம்பி, "எல்லாம் சேர்ந்த மெஷின்" என்று கடையில் காட்டுவதில் இரண்டு சாதி உண்டு. அதைப் பிரிக்காமல் பதில் சொல்ல முடியாது.

முதலாவது, ஒரே மோட்டர், ஒரே தண்டு. பிளேனர் கத்தி உருளையின் ஒரு முனையில் வாள் பிளேட், மறு முனையில் துளை போடும் பிட்டைப் பிடிக்கும் சக். பார்க்கச் சின்னது, விலையும் குறைவு. பலகை அறுக்கும்போது பக்கத்தில் பிளேனர் கத்தியும் சுற்றிக்கொண்டே இருக்கும். மூடி போடாமல் அறுத்தால், அறுத்த துண்டை எடுக்க நீளும் கை அதன் மேலாகத்தான் போகும். துளை போடுவதிலும் கோளாறு. நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டில் அரை அங்குல பிட்டைப் பூட்டினால் மரம் கருகும், பிட் நீலம் பாய்ந்து கூர் போய்விடும். பல மொடல்களில் பிளேட் ஏறி இறங்காது, சாயவும் சாயாது, மேசைதான் ஏறி இறங்கும். 45 பாகையில் அறுக்க வேண்டுமென்றால் மரத்தைத்தான் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இந்தச் சாதியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இரண்டாவது, வாளுக்கும் பிளேனருக்கும் தனித்தனி மோட்டர், தள்ளு மேசையும் உண்டு. ஐரோப்பாவில் ஹேமர், ரோப்லாண்ட் போன்றவை செய்வது இந்த வகை. வேலை சுத்தம், ஆனால் எடை 300 கிலோவைச் சுலபமாகத் தாண்டும்.

இடம் மிச்சம் என்பது உண்மைதான். அதற்கு விலை நேரம். பிளேனரை திக்னசராக மாற்ற மேசைகளைத் தூக்கி, தூள் மூடியை மறுபக்கம் புரட்ட வேண்டும். மூடி புரள்வதற்கு திக்னசர் மேசையை அரை அடிக்கு மேல் இறக்கியாக வேண்டும். அங்கேயே நீங்கள் வைத்திருந்த கன அளவு (தடிப்பு) போச்சு. நடுவில் ஒரு சட்டம் பிழைத்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றால் அதே 22 மி.மீ. திரும்ப அப்படியே வராது, கால் மி.மீ. வித்தியாசம் மூட்டில் தெரியும். ஆகவே ஒரு வேலைக்கான பலகை முழுவதையும் முதலில் ஒரு முகம், ஒரு விளிம்பு சீவி முடியுங்கள். பிறகு மெஷினை மாற்றி எல்லாவற்றையும் ஒரே கனத்துக்கு இறக்குங்கள். கடைசியாக வாள். மேலதிகமாக இரண்டு துண்டும் கூடவே இழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறைக்கு என் தெரிவு: 10 அங்குல பிளேனர்-திக்னசர் மட்டும் கூட்டாக, வாள் தனியாகச் சக்கரத்தில். பிளேனருக்கும் திக்னசருக்கும் கத்தி உருளை ஒன்றே போதும் என்பதால் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. வாளையும் சேர்த்தால் ஃபென்ஸை (பலகையை அணைத்துத் தள்ளும் பக்கச் சட்டம்) கழற்றிப் பூட்டியே பொழுது போகும்.

மீட்டர் பெட்டி, பதுளை:

கரண்ட் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

3 குதிரை வலு சிங்கிள் பேஸ் மோட்டர் ஓடும்போது சுமார் 14 ஆம்ப் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப் போல ஐந்தாறு மடங்கு. 13 ஆம்ப் சதுர பிளக்கில் போடவே வேண்டாம், பியூஸ் போகும், பிளக் உருகும். போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன், 20 ஆம்ப் பிரேக்கர், அதுவும் C வகை. B வகை போட்டால் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் விழும், ஆட்கள் மோட்டரைத்தான் திட்டுவார்கள். 30 மில்லி ஆம்ப் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

மலைநாட்டு வீட்டில் இன்னொரு சங்கதி, சுடுதண்ணி ஷவர். 4.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே 20 ஆம்ப். அதோடு வாளும் ஓடினால் 30 ஆம்ப் மெயின் தாங்காது.

லைன் கடைசியில் இருக்கும் வீடு என்றால் பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில், மெஷின் ஓடும்போதே மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். 210க்குக் கீழே இறங்கினால் மோட்டர் கூடுதலாகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். எக்ஸ்டென்ஷன் வயரும் அதே கேடு செய்யும்: 1.5 சதுர மி.மீ. வயரில் 20 மீட்டர் இழுத்தால் ஓடும்போது 7 வோல்ட்தான் குறையும், ஆனால் கிளம்பும் நொடியில் 30க்கு மேல். மோட்டர் உறுமிக்கொண்டே நிற்பதும் கபாசிட்டர் வெடிப்பதும் இதனால்தான்.

சுவிட்ச் வாங்கும்போது, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வகையா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் இடம் இது.

கொட்டகலைப் பட்டறை:

நன்றி அண்ணன்மாரே. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பிளேனர்-திக்னசர் ஒன்று விலைக்கு இருக்கிறது. இரும்பு நல்ல கனம். தகட்டில் 200 வோல்ட், த்ரீ பேஸ், 50/60 ஹெர்ட்ஸ், 1.5 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா?

மீட்டர் பெட்டி, பதுளை:

எடுக்கலாம். வீட்டுக்கு த்ரீ பேஸ் எடுத்தாலும் நேரடியாகக் கொடுக்காதீர்கள், நம்முடையது 400 வோல்ட், சுருள் கருகிவிடும். சிங்கிள் பேஸ் 230 உள்ளே போய் த்ரீ பேஸ் வெளியே வரும் இன்வர்ட்டர் டிரைவ் ஒன்று, 2.2 கிலோவாட் அளவில் வாங்குங்கள். செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸுக்கு 200 வோல்ட் என்று போடுங்கள், ஸ்டார்ட் நேரம் 4, 5 செக்கன். மெதுவாகக் கிளம்புவதால் மெயினுக்கும் நல்லது. டிரைவுக்கும் மோட்டருக்கும் நடுவே இருக்கும் பழைய சுவிட்சை ஓட்டத்தில் போட்டு அணைத்தால் டிரைவ் போய்விடும், அதைக் கழற்றி கன்ட்ரோல் லைனுக்கு மாற்றுங்கள். டிரைவ் பெட்டிக்குள் மரத்தூள் போகக்கூடாது.

தகட்டில் 100 வோல்ட் சிங்கிள் பேஸ் என்று இருந்தால் கதை வேறு. டிரான்ஸ்போமர் வேண்டும், 1.5 கிலோவாட்டுக்குக் குறைந்தது 3 கேவிஏ. வெறும் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் நம் 50இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், மோட்டரும் சுடும்.

மூடுபனி, நானுஓயா:

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. சவுக்கு என்றால் தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கும் கிரெவில்லியாவைத்தானே சொல்கிறீர்கள்? (இந்தியாவில் சவுக்கு என்பது வேறு மரம், வீடியோ பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போடுங்கள்.

டர்பன்டைன் மரத்துக்குள் இழுவிசை அதிகம். நீளவாக்கில் அறுக்கும்போது பிளந்த இரு பாதியும் விரியும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருங்கி பிளேட்டைக் கவ்வும். கவ்வினால் பலகை உங்கள் வயிற்றை நோக்கித்தான் வரும். பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அறுக்காதீர்கள். அதன் கனம் பிளேட்டின் உடம்பைவிடக் கூடவும் பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 3.2 மி.மீ. வெட்டு, 2.2 மி.மீ. உடம்பு என்றால் 2.5 மி.மீ. சரி. மலிவு மெஷினில் இந்தத் தகடே வராது, வாங்கும் முன் பாருங்கள்.

சீவிய அன்று நேராக இருந்த பலகை மறுநாள் முறுக்கும். இரண்டு முகத்திலும் சமமாக எடுங்கள், 2 மி.மீ. கூடுதலாக விட்டு, நடுவில் ரீப்பை வைத்து ஒரு கிழமை அறையிலேயே அடுக்கிவிட்டு, பிறகு கடைசி இழைப்பு. மேசை கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ போகிறதென்றால் 10 அங்குலப் பலகைக்கு 3 மி.மீ. வரை சுருங்க இடம் விடுங்கள்.

பாவித்த மெஷின் என்றால் கத்தியைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளியேறும் பக்க மேசையில் ஒரு நேரான மரக்குச்சியை, முனை கத்தி உருளைக்கு மேல் நீட்டியிருக்கும்படி வையுங்கள். மேசை விளிம்பு படும் இடத்தில் பென்சில் கோடு. உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றினால் கத்தி குச்சியைத் தொட்டு இழுத்துப்போகும். 3, 4 மி.மீ. நகர்ந்தால் சரி. 10 மி.மீ. நகர்ந்தால் கத்தி உயரம், பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் விழும். நகரவே இல்லையென்றால் கத்தி தாழ்வு, பலகை மேசை விளிம்பில் முட்டும். ஒவ்வொரு கத்திக்கும் இரு முனையிலும் பார்க்க வேண்டும். முதல் தடவை ஒரு மணித்தியாலம் போகும்.

இரும்பு மேசை இங்கே இரண்டு இரவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து மெழுகு தடவி, பழைய கம்பளியால் மூடுங்கள். எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை, பிறகு வார்னிஷ் ஒட்டாது. தூள் இழுக்க வீட்டு வாக்குவம் போதாது, பிளேனர் சீவல் அந்த ஒன்றரை அங்குலக் குழாயில் ஐந்து நிமிடத்தில் அடைக்கும். 4 அங்குலக் குழாயுள்ள 1 குதிரை வலுப் பை மெஷின் போதும்.

சீவுளி, பண்டாரவளை:

ஒன்று விட்டுப்போயிற்று, வைக்கும் இடம். கட்டில் சட்டம் 6 அடி 3 அங்குலம். கத்திக்கு முன்னால் அவ்வளவு, பின்னால் அவ்வளவு, பன்னிரண்டரை அடி வேண்டும். உங்கள் சுவர் 12. மெஷினை நடுவில் வைக்காமல், ஓட்டம் கதவுக்கு நேராக வரும்படி திருப்பி வையுங்கள், பலகை கதவால் வெளியே போகட்டும்.

றோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி?

கொட்டகலைப் பட்டறை:

இருபத்தாறு. நடுவில் ஒரு திருப்பம்.

சீவுளி, பண்டாரவளை:

அப்படியென்றால் லொறி வரும் முன்பே மோட்டர், இரண்டு மேசை, ஃபென்ஸ் எல்லாம் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மேசையின் கீழே இருக்கும் மெல்லிய தகடுகள் எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதி, அந்தந்த இடத்துக்குத் தனி உறையில் போடுங்கள். அவை கலந்தால் இரண்டு மேசையும் ஒரே மட்டத்துக்கு வராது. உடம்பை இரண்டு மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கலாம். கத்தி உருளையில் கயிறு போட வேண்டாம், பெயாரிங் போய்விடும்.