“முட்டியை நீட்டு” என்று கத்துவதை எப்போது நிறுத்துவோம்?

கோடுதாண்டி:
தாவுகிறவரிடம் “முட்டியை வேகமா நீட்டு” என்று தொண்டை வறளக் கத்தும் கோச்சுகளுக்குத்தான் இந்தப் பதிவு. 2010-இல் போர்ட்டர் என்ற ஆய்வாளரின் குழு, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதைச் சோதித்தது. முட்டியை நீட்டுவதைக் கவனிக்கச் சொன்ன குழு சராசரியாக 177 செ.மீ. அளவுக்குத் தாண்டியது. கோட்டிலிருந்து முடிந்தவரை தூரம் போகச் சொன்ன குழு 187. வெறும் வார்த்தைக்கு 10 செ.மீ.!

பழையகால்:
இரண்டும் வேறு வேறு ஆட்கள். இரண்டாவது குழுவில் நல்ல கால்கள் கூடுதலாக இருந்திருந்தால்?

கோடுதாண்டி:
நியாயமான கேள்வி. 2012-இல் இன்னொரு சோதனையில் ஒரே ஆட்களையே இரண்டு விதமாகவும் தாவ வைத்தார்கள். தரையை உதைத்த உச்ச விசை மாறவில்லை, தூரம் மட்டும் கூடியது. உடம்பை உற்றுப் பார்த்தால், தானாக நடப்பதில் நாமே குறுக்கே விழுகிறோம் என்பது, கவனம் அசைவை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் கேப்ரியேலே வுல்ஃபின் விளக்கம்.

பழையகால்:
தூரம் சரி. தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிற புதுப் பெண்ணிடம் “தூரமா போ” என்றால் இன்னும் மோசமாகத்தான் விழுவாள். அவளிடம் முட்டியைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? பாதி கோச்சுகள் ஆராய்ச்சியின் தலைப்பைப் படித்ததோடு சரி.

டிராப்ஜம்ப்:
நடுவில் வருகிறேன். பெட்டியிலிருந்து இறங்கி உடனே எழும்பும் டிராப் ஜம்ப்பில் “உயரமா போ” என்று மட்டும் சொல்லுங்கள். ஆள் ஆழமாக மடங்கி, தரையில் தங்கி எழும்புவார். “தரை சுடுது” என்று சொல்லுங்கள். கால் பட்டதும் துள்ளும், உயரம் கொஞ்சம் குறையும். இரண்டுமே உடம்பை விட்டு வெளியே கவனம் வைக்கும் சொற்கள்தான், ஆனால் பயிற்சியே வேறாகிவிடுகிறது. எது வேண்டும் என்று கோச்சுக்கு முதலில் தெரிய வேண்டும்.

கோடுதாண்டி:
ஒப்புக்கொள்கிறேன். பழையகால், உங்கள் பெண்ணுக்கு ஒன்று: இரண்டு முட்டியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, “டேப் ரெண்டும் எதிர்ச் சுவரைப் பார்க்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு மூன்றாவது தாவலிலேயே முட்டி நேரானது.

பழையகால்:
அதுவும் முட்டிதானே ஐயா, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்! டேப்பைப் பிய்த்த பிறகும் நேராக நின்றதா? அதைச் சொல்லுங்கள்.

கோடுதாண்டி:
நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மறுபடி ஒட்டினேன்.