'விச் மீன்ஸ்' எங்கே, 'மீனிங்' எங்கே? மெயில் எழுதுகிறவர்கள் சொல்லுங்களேன்

ஆம்பூர் மெர்ச்சன்டைசர்:

வணக்கம். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை. ஜெர்மனி பையருக்கு நாள் முழுக்க மெயில் எழுதுவதுதான் பிழைப்பு. தோல், சோல், லைனிங், ஷேட் பற்றியெல்லாம் தைரியமாக எழுதிவிடுவேன். 'மீன்' என்கிற ஒரே ஒரு வினைச்சொல்தான் பிராணனை வாங்குகிறது.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: "தி லெதர் ஹேஸ் லூஸ் கிரெயின். இட் மீன்ஸ் வி வில் ரீப்ளேஸ் இட்." (லூஸ் கிரெயின் என்றால் தோலின் மேல்பரப்பு இறுக்கமில்லாமல் தளர்ந்திருக்கும் குறை.) மேனேஜர் 'இட் மீன்ஸ்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'விச் மீன்ஸ்' என்று போடுவார். சில இடத்தில் வெறும் 'மீனிங்'. ஏன் சார் என்றால், "அதுதான்பா நல்லா இருக்கு" என்பார். அவருக்குக் காது சொல்கிறது, எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் பையர் எழுதியிருக்கும் இந்த வரி: "தி ஷேட் ஈஸ் நாட் அப்ரூவ்டு, மீனிங் தி லாட் கேனாட் பி ஷிப்டு." லாட்டை அனுப்பாதே என்று உத்தரவு போடுகிறாரா? இல்லை, ஷேட் அப்ரூவ் ஆகவில்லை என்பதற்கு அதுதான் விளக்கமா? புரொடக்ஷனில் ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். 'கிராமர் புத்தகத்தைப் பார்' என்று மட்டும் சொல்லாதீர்கள், பார்த்தாச்சு.

காட்பாடி ஜங்ஷன்:

சுருக்கு வழி ஒன்று. 'மீன்ஸ்' இருக்கும் இடத்தில் 'ஸோ' போட்டுப் படியுங்கள். பொருந்தினால் விளைவு. 'தட் ஈஸ்' பொருந்தினால் விளக்கம். உங்கள் பையர் வரியில் 'ஸோ' அழகாக உட்காருகிறது. ஆக, விளைவு. லாட்டைத் தொடாதீர்கள்.

குடியாத்தம் வாத்தியார்:

தம்பி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மேனேஜருக்கு நல்ல காது. காரணத்தை நான் சொல்கிறேன்.

நம்மிடம் விளக்கத்துக்கு 'அதாவது' இருக்கிறது, விளைவுக்கு 'அதனால்' இருக்கிறது. கேட்டவன் தானாகக் கணக்குப் போட்டுச் சொல்வதற்கு 'அப்படின்னா'. "மாமா வரலையாம்." "அப்படின்னா அவர் பங்கு பிரியாணியும் நமக்குத்தான்." ஆங்கிலத்தில் இந்த மூன்று வேலையையும் 'மீன்ஸ்' தலையிலேயே கட்டிவிட்டார்கள். நம் மூன்று சொல்லும் வாக்கியத்தின் ஆரம்பத்தில் தாராளமாக வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் எதற்கெடுத்தாலும் 'இட் மீன்ஸ்' என்று ஆரம்பிக்கிறோம்.

அதில் என்ன தப்பு என்றால், 'இட்' என்பது முன்னால் போன பெயர்ச்சொல் ஒன்றைத் தேடும். உங்கள் வரியில் அது தோலா, லூஸ் கிரெயினா? படிக்கிறவர் ஒரு நொடி தடுமாறுவார். கமாவுக்குப் பின்னால் வரும் 'விச்' அப்படி இல்லை. முன்னால் சொன்ன முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் 'திஸ் மீன்ஸ்' என்று தொடங்கலாம். கமா போட்டுவிட்டு 'திஸ் மீன்ஸ்' என்றோ 'தட் மீன்ஸ்' என்றோ எழுதக்கூடாது; அது இரண்டு தனி வாக்கியத்தை ஒரு கமாவால் ஒட்டுவது. நான் பேப்பர் திருத்தும்போது இதற்கு மார்க் குறைக்காமல் விட்டதே இல்லை.

உங்கள் பையரும் ஒரு நாள் கமாவுக்குப் பின்னால் 'தட் மீன்ஸ்' என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். ஜெர்மனில் நம் 'அதாவது' மாதிரி 'தாஸ் ஹைஸ்ட்' என்று ஒன்று உண்டு. அங்கே கமா போட்டு அதை எழுதுவது சரிதான், அதே பழக்கத்தை அவர்களும் ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாம் மட்டும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

இப்போது விளக்கம், விளைவு விஷயம். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய யூனியனில் விற்கும் தோல் பொருள் உடம்பில் படுவதாக இருந்தால், அதில் 'குரோமியம் 6' என்கிற குரோமியத்தின் நச்சு வடிவம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. 2015 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கும் விதி. (மருமகன் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில் இருக்கிறார். எங்கள் வீட்டில் சோறு தின்னும்போதும் குரோமியம் பேச்சுதான்.) "தி டெஸ்ட் ஷோஸ் 5 மில்லிகிராம்ஸ் பெர் கிலோ, விச் மீன்ஸ் இட் ஈஸ் ஓவர் தி லிமிட்." இது விளக்கம். 5 என்பதும் வரம்பு மீறியது என்பதும் ஒரே சங்கதி, சொல்லும் விதம்தான் வேறு. "இட் ஈஸ் ஓவர் தி லிமிட், விச் மீன்ஸ் வி கேனாட் ஷிப் இட்." இது விளைவு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி 'விச் மீன்ஸ்... விச் மீன்ஸ்...' என்று போகாதீர்கள். விளக்கத்துக்கு 'விச் மீன்ஸ்' போட்டு முடியுங்கள். விளைவைத் தனி வாக்கியமாக 'ஸோ' போட்டு எழுதுங்கள்.

காட்பாடிக்காரர் சொன்ன சோதனை முக்கால்வாசி சரி. ஆனால் 'ஸோ' வரும் இடத்திலெல்லாம் 'மீன்ஸ்' வராது. 'மீன்ஸ்' போட்டால், அது தானாகவே நடக்கிறது, யாரும் முடிவெடுக்கத் தேவையில்லை என்ற தொனி வந்துவிடும். தோலை மாற்றித் தருவது உங்கள் முடிவு தம்பி. லூஸ் கிரெயின் இருந்தால் தோல் தானாக மாறிக்கொள்ளாது. அங்கே 'ஸோ வி வில் ரீப்ளேஸ் இட்' என்பதுதான் பொருத்தம். உங்கள் மேனேஜர் அந்த இடத்திலும் 'விச் மீன்ஸ்' போட்டிருந்தால், அன்றைக்குக் காது கொஞ்சம் அசந்திருக்கிறது. பையர் வரியையும் இப்படியே பாருங்கள். அவர் உத்தரவு போடவில்லை. 'ஷேட் சரியில்லை, ஆகவே லாட் போக முடியாது, இதில் நான் செய்ய என்ன இருக்கிறது' என்கிற பாவனை. கெட்டிக்கார வியாபாரி.

காலமும் முக்கியம். "தி லாரி வாஸ் லேட், விச் மென்ட் வி மிஸ்டு தி வெசல்." எல்லாம் முடிந்த கதை, அதனால் 'மென்ட்'. ஆனால் "வேலூர் டிஸ்ட்ரிக்ட் வாஸ் டிவைடெட் இன் 2019, விச் மீன்ஸ் ஆம்பூர் ஈஸ் நவ் இன் திருப்பத்தூர் டிஸ்ட்ரிக்ட்" என்னும்போது பிரித்தது அன்றைக்கு, விளைவு இன்றைக்கும் நிற்கிறது. அதனால் 'மீன்ஸ்'. 'மீனிங்' போட்டால் இந்தக் காலத் தொல்லையே இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெயிலுக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் அதிலேயே வாக்கியத்தைத் தொடங்காதீர்கள், அது கமாவுக்குப் பின்னால் வர வேண்டிய ஆள்.

தோட்டப்பாளையம்:

நான் வேலூரில் பெங்காலி நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பு உதவி செய்கிறேன். வாத்தியார் சார் இரண்டை விட்டுவிட்டார்.

ஒன்று, இல்லை என்று சொல்வது. ரிப்போர்ட் நெகட்டிவ் என்றதும் குடும்பமே முகம் வாடி நிற்கும், கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு. டாக்டர், "இட்ஸ் நெகட்டிவ், விச் மீன்ஸ் வி டிட் நாட் ஃபைண்ட் கேன்சர்" என்பார். வாத்தியார் கணக்குப்படி இது விளக்கம். உடனே அடுத்த வரி: "பட் திஸ் டஸ் நாட் மீன் யூ கேன் ஸ்டாப் தி டேப்லெட்ஸ்." கேட்பவர் மனதில் ஓடும் 'அப்படின்னா'வை, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்.

இன்னொன்று கேள்வி. "டஸ் தட் மீன்..." என்று ஆரம்பித்தால் நாம் புரிந்துகொண்டதைச் சரிபார்க்கிறோம் என்று அர்த்தம், யாருக்கும் கோபம் வராது. "வாட் டு யூ மீன்?" என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைக்கு வந்த மாதிரி ஆகிவிடும். மெர்ச்சன்டைசர் அண்ணா, ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பையரையே கேட்டுவிடலாமே?

ஆம்பூர் மெர்ச்சன்டைசர்:

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன்: "டஸ் திஸ் மீன் வி ஷுட் ஹோல்டு தி ஹோல் லாட், ஆர் ஒன்லி தி பேர்ஸ் இன் தி ராங் ஷேட்?" ஷேட் தப்பான ஜோடிகளை மட்டும் பிரித்து வை, மற்றது போகட்டும் என்று பதில் வந்துவிட்டது. காட்பாடி அண்ணே, லாட்டைத் தொட்டாச்சு!

வாத்தியார் சார், கடைசியாக ஒன்று. எங்கள் புரொடக்ஷன் ஆள் மெயிலில் "வி மென்ட் டு ரீபேக் தி கார்ட்டன்ஸ்" என்று எழுதியிருக்கிறார். திரும்ப பேக் செய்ய வேண்டியதாகிவிட்டது என்று சொல்ல நினைத்தாராம். சரியா?

குடியாத்தம் வாத்தியார்:

உடனே நிறுத்துங்கள். 'மீன்' பின்னால் 'டு' வந்தால் அது எண்ணம். "ரீபேக் செய்யத்தான் நினைத்தோம்" என்று பையர் படிப்பார்; செய்யவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டுவார். விளைவைச் சொல்ல 'இங்' வேண்டும்: "திஸ் மென்ட் ரீபேக்கிங் தி கார்ட்டன்ஸ்." 'வி' போய் 'திஸ்' வந்திருப்பதையும் கவனியுங்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டும், விளைவுக்கு ஆள் வேண்டாம். மெயில் ஏற்கெனவே போய்விட்டதா?

ஆம்பூர் மெர்ச்சன்டைசர்:

இல்லை சார், டிராஃப்டில்தான் இருக்கிறது. இப்போதே மாற்றிவிடுகிறேன்.