கடலில் மூழ்கின எஞ்சின்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் பாசையூர்க் கரையில் கட்டியிருந்த எங்கள் படகு போன கிழமை இரவுக் காற்றில் கவிழ்ந்துவிட்டது. ஐயாவின் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின் விடியும்வரை உப்புத்தண்ணீருக்குள் கிடந்தது. பழைய டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். எங்களைப் படிக்க வைத்ததே அதுதான்.

தூக்கினவுடனேயே கழுவினோம். எங்கள் கிணறு உவர் என்பதால் குடிதண்ணீர்தான் ஊற்றினோம். பிளக் இரண்டையும் கழற்றி, துளை கீழே பார்க்கப் படுக்கவைத்துக் கயிற்றை மெல்ல இழுத்தோம். நிறையத் தண்ணீர் வந்தது. அப்புறம் சிலிண்டருக்குள் டூ டி ஒயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஒயில்) விட்டுச் சுற்றினோம். காபரேட்டரையும் கழற்றித் துடைத்தாயிற்று. மூழ்கும்போது எஞ்சின் ஓடவில்லை, அதனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ரொட் வளைந்திருக்காது என்று நம்புகிறேன். பிளைவீல் இறுக்கமில்லாமல் சுற்றுகிறது.

ஆனால் மேல் பிளக்கில் மட்டும்தான் பொறி வருகிறது. பிளக்குகளை மாற்றிப் போட்டும் கீழே வரவில்லை. இந்த எஞ்சினில் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் இரண்டு பிளக்குக்கும் ஒன்றுதான். அப்படியென்றால் கீழ் வயரோ அதன் மூடியோதான் பழுதா, இல்லை கொயிலையே மாற்ற வேண்டுமா?

இன்னொன்று, இன்றைக்கு ஐந்தாம் நாள். உள்ளே பெயாரிங்கில் துரு பிடித்திருக்குமோ என்பதுதான் பெரிய பயம். ஸ்டார்ட் செய்யமுன் கிராங்க் பெட்டியைப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டுமா? கியர் ஒயிலும் தண்ணீர் கலந்து பால் நிறத்தில் வந்தது, சீல் மாற்றப் போகிறேன்.

குருநகர், நாவாந்துறைப் பக்கம் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய மெக்கானிக் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பழைய கொயில் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.