டூ வயர் லெவல் ரீடிங் 87 சதவீதத்துல நிக்குது, ஃபோர் வயருக்கு மாத்தணுமா?

கஞ்சிக்கோடு_சி_ஷிஃப்ட்:
கஞ்சிக்கோட்டுல ஒரு கெமிக்கல் யூனிட்டுங்க. சால்வென்ட் டேங்க்ல டூ வயர் லெவல் டிரான்ஸ்மிட்டர். 87 சதவீதம் வரைக்கும் ரீடிங் சரியா வருது, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. டிப் ஸ்டிக் விட்டுப் பார்த்தா 95. பேனல்ல 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), டேங்க் பக்கம் தீப்பொறி வராம பவரைக் கட்டுப்படுத்துற 28 வோல்ட் 300 ஓம் ஜீனர் பேரியர், சிக்னலை வாங்குற பிஎல்சி கார்டுல 250 ஓம், கேபிள் 120 மீட்டர், 0.5 ஸ்கொயர் எம்எம். பவருக்குத் தனி ஜோடி வர்ற ஃபோர் வயர் போட்டா சரியாயிடும்ங்கிறாங்க. மாத்தலாமுங்களா?

லூப்_கணக்கு:
அவசரப்படாதீங்க. டூ வயர்ல கரண்டும் சிக்னலும் ஒரே ஜோடியில போகுது, வழியில யார் வோல்டேஜைத் தின்னாலும் பட்டினி டிரான்ஸ்மிட்டருக்குத்தான். பேரியர் 300, கார்டு 250, கேபிள் போக வர 240 மீட்டருக்கு ஒரு 9, ஆக 559 ஓம். ரீடிங் 0 சதவீதம்னா 4, 100 சதவீதம்னா 20 மில்லி ஆம்ப். அந்த 20ல 11.2 வோல்ட் அங்கயே போயிடும், மிச்சம் 12.8. 87 சதவீதம்னா 17.9 மில்லி ஆம்ப். திருப்பிக் கணக்குப் போட்டா உங்க டிரான்ஸ்மிட்டர் குறைஞ்சது 14 வோல்ட் கேக்குற ரகம். நேம் பிளேட்டைப் பாருங்க.

உறுதி பண்ண ஹார்ட் கம்யூனிகேட்டர்ல (டிரான்ஸ்மிட்டரோட பேசுற கைக்கருவி) 20 மில்லி ஆம்ப் ஃபோர்ஸ் பண்ணி, டெர்மினல்ல வோல்டேஜ் பாருங்க. 14 பக்கம் வந்து 17.9லயே நின்னா வேற காரணம் தேட வேண்டாம். மீட்டரை மில்லி ஆம்ப்ல வச்சு சப்ளைக்குக் குறுக்கே மட்டும் வச்சிடாதீங்க, ஃபியூஸ் போயிடும்.

பேனல்_வயர்மேன்:
எஸ்எம்பிஎஸ்ல வோல்டேஜ் கூட்டுற டிரிம் பாட் திருகி 28 வச்சா முடிஞ்சுதே?

லூப்_கணக்கு:
ஐயோ, வேண்டாம். 28 வோல்ட் ஜீனர் பேரியருக்கு 26 தாண்டினாலே ஜீனர் எர்த்துக்குக் கடத்த ஆரம்பிச்சிடும், உள்ள இருக்குற ஃபியூஸ் போனா பல மாடல்ல பேரியரையே தூக்கிப் போடணும். சால்வென்ட் டேங்க், பேரியரைக் கழட்டுறதும் பேச்சே இல்ல. 20 மில்லி ஆம்ப்ல 15 வோல்ட்டுக்கு மேல தர்ற ஐசொலேட்டட் பேரியர் (ரெண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாம பிரிக்கிறது) போடுங்க. அதுக்கு தனி எர்த் பாரும் தேவையில்ல.

நொய்யல்_இன்ஸ்ட்ருமென்ட்:
ஃபோர் வயர் எதுக்குன்னும் சொல்லிடலாம். டூ வயர்ல 4 மில்லி ஆம்ப்புக்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் முழுக்க ஓடணும். மேக்னடிக் ஃப்ளோ மீட்டர்ல காயிலுக்கே அது போதாது, அதனாலதான் பெரும்பாலும் தனி சப்ளை. உங்க லெவலுக்கு அது வீண் செலவு. பவருக்கு இன்னொரு கேபிள் இழுக்கணும், 230 வோல்ட்டுன்னா சிக்னல் கேபிளோட ஒரே ட்ரேயில போடக்கூடாது. அபாயப் பகுதின்னா அந்தப் பவர் பக்கத்துக்கும் தனிப் பாதுகாப்பு வேணும்.

அப்படியும் மாத்தினா, பழைய டெர்மினல்ல அப்படியே கட்டிடாதீங்க. ஃபோர் வயர் தானே கரண்ட் தள்ளும். பேனல்லயிருந்து 24 வோல்ட்டும் வந்தா ரெண்டு சோர்ஸ் மோதும், ரீடிங் உச்சத்துல நிக்கலாம், அவுட்புட் ஸ்டேஜே போகலாம். சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சில எஸ்எம்331 கார்டுன்னா, சிக்னல் வகையைத் தேர்ந்தெடுக்குற பக்கவாட்டு ரேஞ்ச் மாட்யூலை டூ வயருக்கு டி, ஃபோர் வயருக்கு சி-ன்னு வைக்கணும். 8 சேனல் கார்டுல ஒரு மாட்யூல் ரெண்டு சேனலுக்கு. ஒண்ணுக்காக சி-க்குத் திருப்பினா பக்கத்து டூ வயர் டிரான்ஸ்மிட்டர் சப்ளை இல்லாம செத்துப் போகும். நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது.

பேனல்_வயர்மேன்:
கேபிள் நுழையுற கிளாண்ட் வழியா தண்ணி இறங்கினாலும் ரீடிங் தப்பா வருமே, அதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நொய்யல்_இன்ஸ்ட்ருமென்ட்:
தப்பு எந்தப் பக்கம்னு பாருங்க. டூ வயர்ல டெர்மினலுக்குக் குறுக்கே ஈரம் கசிஞ்சா அந்தக் கரண்டும் லூப்புல சேரும், ரீடிங் கூடும், காலி டேங்க்லயும் 4க்கு இறங்காது. ஃபோர் வயர்ல கசிவு கார்டுக்குப் போறதைத் திருடும், ரீடிங் குறையும். எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்னாடியே கிளாண்டை இறுக்கி, கேபிள் நுழையுற இடத்துல கீழ ஒரு தொங்கல் விட்டுடுங்க. ஷீல்டுக்கு எர்த் பேனல் பக்கம் மட்டும்.

கஞ்சிக்கோடு_சி_ஷிஃப்ட்:
நேம் பிளேட்டைப் பார்த்தேனுங்க, 14 முதல் 30 வோல்ட்னு போட்டிருக்கு. ஐசொலேட்டட் பேரியருக்கு இண்டென்ட் போட்டாச்சு.